பிளக் மாற்றியும் நிற்காத மிஸ்ஸிங்

காரை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கி, பின்னால் போய் சைலன்சர் பக்கம் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நல்ல இன்ஜின் என்றால் சத்தம் ஒரே தாளத்தில் வரும். மிஸ்ஸிங் இருந்தால் அந்தத் தாளத்தில் ஒரு அடி குறையும். டப் டப் டப் என்று வந்துகொண்டே இருக்கும், நடுவில் ஒரு 'ஃபுஸ்', மறுபடி டப் டப் டப். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் கையிலும் அதே தடுமாற்றம் தெரியும். "வண்டி கட் அடிக்குது", "ஜெர்க் ஆகுது", "மூணு சிலிண்டர்லதான் ஓடுது" என்று ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். விஷயம் ஒன்றுதான். எரிய வேண்டிய நேரத்தில் ஏதோ ஒரு சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியவில்லை, அல்லது அரைகுறையாக எரிந்தது.

பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கை மாற்றியதும் போய்விடுகிற மிஸ்ஸிங்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மாற்றிய பிறகும் பத்து நாளில் திரும்பி வருகிற மிஸ்ஸிங்தான் பழைய கார் வைத்திருப்பவர்களைப் படுத்தி எடுப்பது. அடுத்து காயில், அடுத்து பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர், அடுத்து பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் எதை மாற்றியதால் சரியானது என்றே தெரியாது. சில சமயம் சரியும் ஆகாது. எதையும் வாங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: மிஸ்ஸிங் எப்போது வருகிறது, எந்த சிலிண்டரில் வருகிறது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டர் ஒருமுறை எரியும். வண்டி நின்றபடி 800 ஆர்.பி.எம்மில் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 400 முறை எரியும், நான்கு சிலிண்டரும் சேர்ந்து 1,600 முறை. அதில் ஒரு சிலிண்டர் முழுக்க செத்துவிட்டால் நிமிஷத்துக்கு 400 அடி விடுபடும். இன்ஜின் அப்படி உதறுவதில் ஆச்சரியமே இல்லை.

ஒவ்வொரு முறையும் எரிவதற்கு மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும். சரியான நேரத்தில் பலமான ஸ்பார்க், சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், அந்தக் கலவையை இறுக்கி அமுக்கும் கம்ப்ரஷன். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் குறைந்தாலும் எரியாது, அளவுக்கு மீறினாலும் எரியாது. எந்த மிஸ்ஸிங்காக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

எங்கள் அப்பாவின் பழைய கார்புரேட்டர் காரில் நான் இதைக் கற்றுக்கொண்டேன். பொள்ளாச்சிக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. ஆழியாறு தாண்டி வால்பாறை மலைச்சாலையில் ஏற ஆரம்பித்தால், நாற்பது கொண்டை ஊசி வளைவில் நாலாவது ஐந்தாவது வளைவிலேயே இழுவை போய்விடும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உதறும். காலை லேசாக எடுத்தால் சரியாகிவிடும். பிளக் செட் மாற்றினோம். பத்து நாள் நன்றாக ஓடியது. திரும்ப வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், ஒன்றும் மாறவில்லை. மறுபடி பிளக் மாற்றினோம். மறுபடி பத்து நாள்.

கடைசியாகப் பார்த்த மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. "மேடு ஏறறப்ப மட்டும்ங்களா, இல்லை சும்மா நின்னுட்டு இருக்கறப்பவும் மிஸ் ஆகுதுங்களா?" என்று கேட்டார். மேட்டில் மட்டும்தான் என்றேன். "அப்ப சாயங்காலம் இருட்டுனதுக்கு அப்புறம் கொண்டாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. ஆனாலும் போனேன்.

பட்டறை விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற சின்ன ஸ்பிரே பாட்டிலால் பிளக் வயர்கள் மேல் பொடிச் சாரலாக அடித்தார். இரண்டாவது சிலிண்டருக்குப் போகிற வயர், ஒரு இரும்புக் கிளாம்பைத் தொட்டுப் போகும் இடத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னப் புழு நெளிகிற மாதிரி பொறி ஓடியது. காது கொடுத்துக் கேட்டால் 'டிக் டிக் டிக்' என்ற சத்தம். பிளக்குக்குள் போக வேண்டிய கரண்ட் அந்த இடத்தில் வெளியே குதித்து பாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. பகலில் அந்த வயரைப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் கிளாம்பு உரசி உரசி ரப்பரில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு விழுந்திருப்பது தெரிந்தது.

அவர் ஏன் மேடா, சமதளமா என்று கேட்டார் என்பதில்தான் பாடமே இருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கிறது. பிளக்கின் நுனியில் இருக்கிற முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியை அந்தக் கரண்ட் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியில் காற்று எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தாண்டுவது கஷ்டம், அவ்வளவு வோல்ட்டேஜும் வேண்டும். வண்டி நின்றபடி ஓடும்போது ஆக்சிலரேட்டர் மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றுதான் போகிறது. அமுக்கினாலும் அழுத்தம் குறைவு. ஸ்பார்க் சுலபமாகத் தாண்டிவிடும். மேட்டில் முழுசாக மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று போகிறது, அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. அப்போது கரண்டுக்குப் பிளக்கின் வாயைத் தாண்டுவதைவிட, வயரின் வெடிப்பு வழியாக வெளியே போவது சுலபமாகிவிடுகிறது. அது சுலபமான வழியில்தான் போகும்.

புதுப் பிளக் போட்டதும் பத்து நாள் நன்றாக ஓடியதற்கும் இதுவே காரணம். புதுப் பிளக்கின் முனைகள் கூர்மையாக இருக்கும், இடைவெளியும் அளவாக இருக்கும். அதனால் குறைந்த வோல்ட்டேஜிலேயே பொறி தாண்டும், வயரின் வெடிப்புக்கு வேலை வராது. முனை கொஞ்சம் மழுங்கி, இடைவெளி கொஞ்சம் விரிந்ததும் பழையபடி கசிய ஆரம்பிக்கும். ஆக, பிளக் மாற்றிச் சில நாள் நன்றாக ஓடியது என்பதால் கோளாறு பிளக்கில்தான் என்று முடிவு கட்ட முடியாது. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எங்களுக்கு நாலு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பிளக்கைக் கழற்றி, இன்ஜின் பாடியில் ஒட்ட வைத்து, செல்ஃப் அடித்து "ஸ்பார்க் நல்லா வருதே" என்று காட்டுவதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அந்தப் பொறி திறந்த வெளியில் வந்தது. இறுக்கமான காற்றுக்குள் அதே பொறி வரும் என்று அது உறுதி சொல்லாது. ஸ்பார்க் அறவே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அந்தச் சோதனை போதும், பலவீனமான ஸ்பார்க்கைக் கண்டுபிடிக்கப் போதாது.

சரி, இப்போது 'எப்போது' என்ற கேள்வியை இன்னும் கொஞ்சம் விரிக்கலாம். மேட்டில் மட்டும், ஓவர்டேக் செய்யும்போது மட்டும் என்றால் முதலில் ஸ்பார்க் பக்கம் பாருங்கள்: வயர், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் (அதன் மூடி), அதற்குள் சுழலும் ரோட்டார், காயில். அடுத்தபடியாக பெட்ரோல் ஃபில்டர். ஃபில்டர் அடைத்திருந்தால் நின்றபடி ஓடத் தேவையான பெட்ரோல் வரும், மேட்டுக்குத் தேவையானது வராது. மழை நாளிலும் பனிக்காலையிலும் மட்டும் வந்து, இன்ஜின் சூடானதும் போய்விடுகிறது என்றால் கேப்பிலோ வயரிலோ ஈரம் கோக்கிறது. இதற்கு நேர் எதிராக, குளிர்ச்சியில் நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்துச் சூட்டில் மட்டும் தகராறு செய்தால் காயிலைச் சந்தேகியுங்கள். உள்ளே சுற்றியிருக்கிற கம்பியின் இன்சுலேஷன் சூட்டில் விட்டுக்கொடுக்கும், ஆறினால் திரும்ப வேலை செய்யும். காயிலுக்குப் போகிற கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பழைய பாயின்ட் வைத்த வண்டி என்றால், அதோடு சேர்ந்த கண்டென்சரும் இதே மாதிரி செய்யும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் உதறி, ஓட்ட ஆரம்பித்ததும் சரியாகிறது என்றால் கதையே வேறு. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்கோ கள்ளத்தனமாகக் காற்று உள்ளே போகிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் தளர்ந்திருக்கலாம், பிரேக் பூஸ்டருக்குப் போகிற வேக்கம் ஹோஸ் வெடித்திருக்கலாம். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது உள்ளே உறிஞ்சல் அதிகம், மொத்தக் காற்றோ குறைவு. அதில் இந்தக் கள்ளக் காற்று பெரிய பங்காகிவிடுகிறது, கலவை நீர்த்துப்போய் எரிய மறுக்கிறது. மிதித்ததும் மொத்தக் காற்றின் அளவு ஏறிவிடுவதால் அதே கசிவு ஒரு பொருட்டாகத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் டியூப் போதும். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஹோஸ், கேஸ்கெட் ஓரமெல்லாம் மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்கும். சிலர் அந்த இடத்தில் பெட்ரோலைத் தெளித்து இன்ஜின் வேகம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான இன்ஜின் மேல் அது தீயோடு விளையாடுவது, தயவுசெய்து வேண்டாம்.

எல்லா நேரமும், எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி உதறுகிறது என்றால் ஒரு சிலிண்டர் அநேகமாக முழுசாகவே வேலை செய்யவில்லை. எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க நம் பட்டறைகளில் காலங்காலமாகச் செய்கிற சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது. வேலை செய்கிற சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் இன்னும் மோசமாக உதறும், வேகம் இறங்கும். ஏற்கெனவே செத்துப்போன சிலிண்டரை நிறுத்தினால் எந்த மாற்றமும் இருக்காது. மாற்றம் தெரியாத சிலிண்டர்தான் நீங்கள் தேடுவது.

இதைச் செய்யும் விதத்தில் கவனம் வேண்டும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரை வெறும் கையால் பிடுங்கினால் பல ஆயிரம் வோல்ட் கையில் ஏறும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையின் பக்கமே வரக்கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில், கழற்றிய வயர் அந்தரத்தில் தொங்கினால் கரண்ட் போக வழி இல்லாமல் காயிலோ மாட்யூலோ அடிபடவும் வாய்ப்பு உண்டு. பாதுகாப்பான வழி, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு வயரைக் கழற்றி, அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கை இன்ஜின் பாடியில் நன்றாக ஒட்டியிருக்கும்படி கட்டிவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து பார்ப்பது. நாலு சிலிண்டருக்கும் நாலு முறை நிறுத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும், பரவாயில்லை. கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சுகிற வண்டி என்றால் இன்னும் சுலபம், இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினாலே அந்த சிலிண்டர் நின்றுவிடும். அதில் பெட்ரோலும் நின்றுவிடுவதால் சைலன்சருக்குள் பச்சைப் பெட்ரோல் போகிற கவலையும் இல்லை.

கொஞ்சம் பின்னால் வந்த கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டரே இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்த ஒரு கணம் கிராங்கின் வேகம் கொஞ்சம் குறையும், அதை அளந்து எந்த சிலிண்டர் என்று கணக்குப் போடும். கோளாறைக் குறியீடாகச் சொல்கிற, அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் கட்டாயமான ஓ.பி.டி. 2 முறையில் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0300 என்றால் குறிப்பாக ஒன்றில் என்று இல்லாமல் மாறி மாறி. அதே குறியீடுகள்தான் இங்கே ஓ.பி.டி. 2 உள்ள கார்களிலும். ஸ்கேனரில் பி0302 வந்தது என்பதற்காக இரண்டாவது பிளக்கை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். எந்த வீட்டில் பிரச்சினை என்றுதான் அது சொல்கிறது, என்ன பிரச்சினை என்று சொல்லவில்லை.

சிலிண்டர் தெரிந்ததும் செலவில்லாத சோதனை, இடம் மாற்றிப் போடுவது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றால் அதன் பிளக்கைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதன் பிளக்கை இரண்டாவதில் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே மூன்றாவதுக்குப் போனால் பிளக் குற்றவாளி. இரண்டாவதிலேயே நின்றால் பிளக் நல்லது. அடுத்து வயர். நீளம் ஒத்து வந்தால் மாற்றிப் போடலாம், இல்லையென்றால் தெரிந்தவரிடம் நல்ல வயர் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் வைத்த வண்டி என்றால் காயிலையும் இப்படியே செய்யலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிபவை. கேப்பில் வயர் இடம் மாறிவிட்டால் இல்லாத மிஸ்ஸிங்கை நாமே உண்டாக்கிவிடுவோம்.

பிளக்கைக் கழற்றியபோது அதன் முகத்தையும் படித்துவிடுங்கள். நுனி பழுப்பு நிறமாக, உலர்ந்து இருந்தால் அந்த சிலிண்டர் ஆரோக்கியம். அடுப்புக்கரி மாதிரி கறுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் வாசனையோடு ஈரமாக இருந்தால் பெட்ரோல் வந்தது, ஸ்பார்க் வரவில்லை. ஆயில் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம். வெள்ளைப் பீங்கான் பகுதியில் பென்சிலால் கிழித்த மாதிரி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் கரண்ட் வெளிப்பக்கமாகவே இறங்கியிருக்கிறது. துடைத்தால் போகாது. பிளக்கோடு அதன் ரப்பர் மூடியையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பழைய மூடியில் இருக்கிற கோடு புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் வயர்களின் ரெசிஸ்டன்ஸையும் அளக்கலாம். கார்பன் உள்ள வயர்கள் சில ஆயிரம் ஓம் காட்டும், நீளமான வயர் கொஞ்சம் கூடக் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. ஆனால் எங்கள் வண்டியில் இருந்த மாதிரி வெளிரப்பரில் வெடிப்பு என்றால் மீட்டர் எல்லாம் சரி என்றுதான் சொல்லும். அதற்கு இருட்டும் தண்ணீர்ச் சாரலும்தான் வேண்டும். சாரல் அடிக்கும்போது சேலையோ துப்பட்டாவோ சட்டைக் கையோ ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரி, ஆனாலும் அந்த சிலிண்டர் எழுந்திருக்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் யாரும் கேட்க விரும்பாத பதில் அங்கேதான் இருக்கும், அதனாலேயே பலர் இந்தச் சோதனையைத் தள்ளிப் போடுவார்கள். தள்ளிப் போடாதீர்கள், பத்துப் பொருள் வாங்கி மாற்றிய பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது நல்லது. இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பையும் இன்ஜெக்டர் இருந்தால் அவற்றின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். அழுத்தம் அளக்கும் கேஜை ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் வைத்து நாலைந்து அடி பார்த்தால் போதும். பெட்ரோல் இன்ஜினில் 150 பி.எஸ்.ஐயை ஒட்டி வந்தால் பொதுவாக நல்ல நிலை. எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம். மூன்று 150, ஒன்று 90 என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது.

குறைவாகக் காட்டிய சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடுக்கை அடைத்ததால் ஏறியது. ஏறவே இல்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்து இருக்கிற இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) போயிருக்கிறது. வால்வு என்றதும் ஹெட்டை இறக்கச் சொல்லிவிடாதீர்கள், முதலில் வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுசாக மூடாமல் இருந்தால் ஒரு மணி நேர வேலையில் சரியாகிவிடும். அப்படியே விட்டால்தான் வால்வு கருகும். கருகிய எக்ஸாஸ்ட் வால்வைக் கண்டுபிடிக்கப் பழைய ஆட்கள் சைலன்சர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடிப்பார்கள். நல்ல இன்ஜின் காகிதத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வால்வு கருகியிருந்தால் நடுநடுவே காகிதம் சட்டென்று உள்ளே இழுபடும்.

சரி செய்யும் வரை ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பட்டறை வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். எரியாத பெட்ரோல் இரண்டு வழியாகப் போகிறது. ஒரு பங்கு சைலன்சருக்குள் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதற்குள்ளேயே எரிந்து அதை உருக்கிவிடும். இன்ஜின் லைட் மின்னி மின்னி எரிந்தால் இதுதான் நடக்கிறது, ஓரம் கட்டிவிடுங்கள். இன்னொரு பங்கு சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். மிஸ்ஸிங் சரியான பிறகு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலோ, ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.